மனைவிக்கும் கற்றுக்கொடுங்கள்: விறைப்புக் குறைபாட்டுக்கு ஊசிச் சிகிச்சை, ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 57 வயது லோரி ஓட்டுநர். பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து கிள்ளானுக்கும் பாசிர் கூடாங்குக்கும் கொள்கலன் ஏற்றிச் செல்வது தொழில். திருமணமாகி 31 ஆண்டுகள். மூன்று பிள்ளைகள், கடைசி மகள் கோலாலம்பூரில் படிக்கிறார். இனிப்புநீர் (நீரிழிவு) 14 ஆண்டுகளாக இருக்கிறது, இரத்தக் கொதிப்பும் ஏறக்குறைய அதே காலமாக. இரண்டு ஆண்டுகளுக்கு முன் நெஞ்சுவலி வந்து, இதய இரத்தக் குழாய் ஒன்றில் ஸ்டென்ட் வைக்கப்பட்டது. இதை எழுத அவரும் அவர் மனைவியும் ஒப்புக்கொண்டார்கள். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆணுறுப்பில் நேரடியாகப் போடும் ஊசியைப் பற்றிப் பேச்சு வந்தால் மருத்துவர்களும் சரி, நோயாளிகளும் சரி, மருந்தைப் பற்றியே பேசுகிறோம். என்ன மருந்து, எத்தனை மைக்ரோகிராம், என்ன விலை என்பதோடு முடிந்துவிடுகிறது. போடக் கற்றுக்கொள்பவர் யார், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் யார் என்று கேட்பவர்கள் குறைவு. இவர் விஷயத்தில் அந்தக் கேள்வியை முதலிலேயே கேட்டதால்தான் பின்னர் ஒரு பெரிய சேதம் தவிர்ந்தது.

மயக்கம்

அவர் எங்கள் கிளினிக்குக்கு முதலில் வந்தது விறைப்புக் குறைபாட்டைச் சொல்லிக்கொண்டு அல்ல. பிறை நகரில் ஓர் ஒட்டுக்கடையில் பசியாறிவிட்டு எழுந்தவர், கண் இருட்டி அப்படியே நாற்காலியோடு சரிந்திருக்கிறார். உடனிருந்த ஓட்டுநர்கள் தூக்கிவந்தார்கள். இரத்த அழுத்தம் 84/50. சட்டை முழுவதும் வியர்வை. படுக்கவைத்துக் காலை உயர்த்தி, சொட்டு மருந்து ஏற்றி, இசிஜி எடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். மாரடைப்பு இல்லை என்று உறுதிசெய்து மறுநாள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த வாரமே மருந்துப் பையோடு வரச் சொன்னேன். மெட்ஃபார்மின், கிளிக்லசைடு, பிசோபுரோலால், ஆஸ்பிரின், அடோர்வாஸ்டாடின், காலையில் நெஞ்சுவலி வராமல் தடுக்கும் நைட்ரேட் வகை மாத்திரையான ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் ஒன்று, நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை கொண்ட சின்னக் குப்பி. எல்லாம் பழைய மருந்துகள். அளவும் மாறவில்லை.

“இதைத் தவிர வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா, ஐயா?”

பணப்பையில் ஓட்டுநர் உரிமத்துக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த ஒரு காலிப் பொட்டலத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஆண்மைக்கு நல்லது என்று நம்பப்படும் தொங்காட் அலி வேரும் ஒரு புலியும் அச்சிட்ட கோப்பிப் பொட்டலம். “நண்பர் கொடுத்தார், டாக்டர். உடம்புக்குத் தெம்பு என்றார். முதல் நாள் இரவு ஒன்று, காலையில் ஒன்று குடித்தேன்.”

இப்படிப்பட்ட கோப்பித் தூள்களில் விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில், தடாலாஃபில் போன்ற மருந்துகளைக் கலந்து விற்பதை மலேசியச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பாலியல் குறைபாட்டுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடைசெய்கிறது. அதனால்தான் இந்தச் சரக்கு கோப்பி என்ற பெயரில், நண்பர் கையிலிருந்து நண்பர் கைக்கு ஓடுகிறது. ஆரோக்கியமானவர் குடித்தால் தலைவலியும் முகச் சிவப்புமாகப் போய்விடக்கூடும். நைட்ரேட் சாப்பிடும் இதய நோயாளி குடித்தால் கதை வேறு. இரண்டு மருந்துகளும் ஒரே பாதையில் இரத்தக் குழாய்களைத் தளர்த்துபவை. சேர்ந்தால் அழுத்தம் திடீரென்று அதல பாதாளத்துக்குப் போகும். உயிரும் போகும். நெடுஞ்சாலையில் கொள்கலனோடு போய்க்கொண்டிருக்கும்போது அந்த மயக்கம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரிடம் கேட்டேன். அதை அவரும் ஏற்கெனவே யோசித்திருந்தார்.

எதற்காகத் தெம்பு என்றும் கேட்டேன். மேசை மேல் கிடந்த மருந்துச் சீட்டைப் பார்த்தபடியே, “ஐந்து வருடமாயிற்று, டாக்டர்” என்றார்.

ஐந்து ஆண்டுகள்

முதலில் விறைப்பு நீடிக்காமல் போயிருக்கிறது. பிறகு முழுமையாக வரவில்லை. கடைசி நான்கு ஆண்டுகளாக மனைவியோடு உறவே இல்லை. ஆசை குறையவில்லை, விடியற்காலையில் தானாக வரும் விறைப்பு நின்றுவிட்டது. இந்தக் கடைசி விவரம் முக்கியம். மனக்கலக்கத்தால் மட்டும் வரும் குறைபாட்டில் விடியற்கால விறைப்பு பெரும்பாலும் தப்பிப் பிழைத்திருக்கும். நரம்போ இரத்தக் குழாயோ கெட்டால் அதுவும் சேர்ந்து போகும்.

அவருக்கு நெஞ்சுவலி வந்தது இரண்டு ஆண்டுகளுக்கு முன். விறைப்பு தளர்ந்தது ஐந்து ஆண்டுகளுக்கு முன். இடையில் மூன்று ஆண்டுகள். இது தற்செயல் அன்று. ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனியின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இதயத் தமனியின் விட்டம் 3 முதல் 4 மில்லிமீட்டர். இரண்டின் உட்சுவரையும் இனிப்புநீரும் கொழுப்பும் ஒன்றாகத்தான் கெடுக்கின்றன. சிறிய குழாய் முதலில் காட்டிக்கொடுக்கிறது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இனிப்புநீரோடு வாழும் ஓர் ஆண் இந்தக் குறையைச் சொன்னால், அதை இதயத்திலிருந்து வந்த முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

அவர் சொல்லவில்லை. எவரும் கேட்கவும் இல்லை. ஆண்டுதோறும் அவருடைய கண்ணைப் பார்த்தார்கள், பாதத்தைப் பார்த்தார்கள், சிறுநீரில் புரதம் பார்த்தார்கள். “டாக்டர் கேட்காததை நானாக எப்படிச் சொல்வது? வரிசையில் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு, எல்லா இனங்களையும்விட அதிகம். நம் சமூகத்து ஆண்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? ஒரே ஒரு கேள்வி, அரை நிமிடம்.

பரிசோதனை

ஐந்து கேள்விகள் கொண்ட சர்வதேச விறைப்பு மதிப்பீட்டில் 25க்கு 6 வந்தது, கடுமையான குறைபாடு. கடந்த சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 9.4 விழுக்காடு. காலையில் எடுத்த டெஸ்டோஸ்டிரோன் அளவு சாதாரணம். கால் கட்டைவிரலில் அதிர்வுக் கவையை வைத்தால் அதிர்வு தெரியவில்லை, அதாவது நரம்பு பாதிப்பு தொடங்கியிருந்தது. உறுப்பில் வளைவோ கட்டியோ இல்லை. இரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. அரிவாள் செல் நோய், இரத்தப் புற்றுநோய், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் ஆகியவை இருப்பவர்களுக்கு ஊசி போட்டால் விறைப்பு அடங்காமல் போகும் ஆபத்து மிகுதி என்பதால் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

மாத்திரைகளுக்கு வழியில்லை, நைட்ரேட் இருக்கிறது. நைட்ரேட்டை நிறுத்திப் பார்க்கலாமா என்று அவருடைய இதய மருத்துவரிடம் கேட்டோம். ஸ்டென்ட் வைத்த குழாய் நன்றாக இருக்கிறது, ஆனால் சிறு கிளைகளில் அடைப்பு மிச்சமிருக்கிறது. கனமான சங்கிலியை இழுத்துக் கட்டும்போது வலி வருகிறது. நிறுத்த வேண்டாம் என்றார். நடைப் பொறியில் ஓடவைத்துப் பார்த்து, தாம்பத்திய உறவுக்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார். பழகிய துணையோடு உறவு கொள்வதற்கு வேண்டிய உழைப்பு, இரண்டு மாடிப் படிகளைச் சற்று விறுவிறுப்பாக ஏறுவதற்குச் சமம். அதை அவர் வலியில்லாமல் செய்தார்.

வெற்றிடக் குழாய்க் கருவியைச் சில வாரம் முயன்று விட்டுவிட்டார். அடிப்பகுதியில் மாட்டும் வளையம் இறுக்குகிறது, உறுப்பு சில்லிட்டுப் போகிறது என்றார். அறுவை செய்து செயற்கைத் தண்டு வைப்பது நல்ல பலன் தரும் சிகிச்சைதான். ஆனால் சர்க்கரை இந்த அளவில் இருக்கும்போது தொற்றுப் பயம் இருந்தது, அவருக்கும் கத்தி என்றால் விருப்பமில்லை. மிச்சமிருந்தது ஊசி.

ஊசி ஏன் வேலை செய்கிறது

ஆணுறுப்பில் நீளவாக்கில் இரண்டு திசுத் தண்டுகள் ஓடுகின்றன. அவற்றினுள் ஏராளமான சிறு அறைகள். அறைகளின் சுவரில் மென்தசை. கிளர்ச்சியின்போது நரம்பு முனைகளும் இரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடைச் சுரக்கின்றன. அது தசையைத் தளர்த்தும் ஒரு வேதிப்பொருளை உண்டாக்குகிறது. அறைகளில் இரத்தம் நிரம்புகிறது. நிரம்பிய அறைகள் வெளியேறும் சிரைகளைத் தண்டின் உறையோடு வைத்து அழுத்துவதால் இரத்தம் உள்ளேயே தங்குகிறது. சில்டெனாஃபில் போன்ற மாத்திரைகள் அந்த வேதிப்பொருள் சிதையாமல் தடுப்பவை; புதிதாக எதையும் சுரக்கவைப்பதில்லை. நரம்பும் உட்சுவரும் கெட்டுப்போய்ச் சுரப்பே இல்லாதவரிடம் மாத்திரை என்ன செய்யும்? குழாயில் தண்ணீரே வராத வீட்டில் தொட்டியின் ஓட்டையை அடைப்பது போலத்தான்.

ஊசியில் நாங்கள் பயன்படுத்திய அல்புரோஸ்டாடில், நரம்பின் உதவியைக் கேட்காமல் தசையையே நேராகத் தளர்த்துகிறது. நைட்ரேட்டோடு அதற்குச் சண்டையும் இல்லை. இதே மருந்தைத்தான், இதயக் கோளாறோடு நீலம்பாரித்துப் பிறக்கும் சிசுக்களுக்கு, பிறந்ததும் மூடிக்கொள்ளும் ஒரு நாளத்தைத் திறந்து வைத்திருப்பதற்காகத் துளித்துளியாக ஏற்றுகிறார்கள். பச்சிளம் குழந்தையின் உயிர் காக்கும் மருந்து என்று சொன்ன பிறகுதான் இவர் முகத்தில் இருந்த அருவருப்பு போனது. அதிலிருந்து எல்லா நோயாளிகளிடமும் இதைச் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சையின் வரலாறு நீண்டதன்று. 1982இல் பாரிசில் ரொனால்ட் விராக் என்ற அறுவை மருத்துவர், அபினிலிருந்து கிடைக்கும் பப்பாவெரினை உறுப்பில் செலுத்தினால் விறைப்பு உண்டாகிறது என்று எழுதினார். அடுத்த ஆண்டு லாஸ் வேகாசில் நடந்த அமெரிக்கச் சிறுநீரக மருத்துவர்கள் மாநாட்டில், ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டு வந்து, பலனை மேடையிலேயே காட்டினார். கூட்டத்தினர் திகைத்துப் போனார்கள். ஆனால் விறைப்பு என்பது மனத்தின் வேலை மட்டுமே என்று அதுவரை நம்பியிருந்தவர்களின் வாயை அது அடைத்தது. அல்புரோஸ்டாடில் ஊசிக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 1995இல். சில்டெனாஃபில் மாத்திரை வந்தது 1998இல். மாத்திரை வந்த பிறகு ஊசியைப் பலர் மறந்துவிட்டார்கள். மாத்திரை உதவாதவர்களும் மாத்திரை கூடாதவர்களும் அப்படியேதான் இருக்கிறார்கள்.

மனைவி வந்த நாள்

அடுத்த முறை மனைவியோடு வரவேண்டும் என்றேன். “அவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டாம், டாக்டர். சின்ன ஊசிதானே, நானே போட்டுக்கொள்கிறேன்” என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை. தனியாகக் கற்றுக்கொண்டு, குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியாகப் போட்டு, ஏதாவது கோளாறு ஆனால் தனியாகவே மறைக்கும் ஆண்களைப் பார்த்திருக்கிறேன். இந்தச் சிகிச்சையைத் தொடங்கியவர்களில் கணிசமானவர்கள் ஓராண்டுக்குள் விட்டுவிடுகிறார்கள். மருந்து பலிக்காததால் விடுபவர்களைவிட, மறைத்து மறைத்து அலுத்துப்போய் விடுபவர்களையே நான் அதிகம் காண்கிறேன்.

மனைவிக்கு வயது 53. அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் நான் விளக்கத் தொடங்கினேன். இனிப்புநீர் நரம்பை என்ன செய்கிறது என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் அழத் தொடங்கிவிட்டார். கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் படுக்கப் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. “கிள்ளானில் இவருக்கு வேறு ஒரு வீடு இருக்கிறது என்று நினைத்தேன், டாக்டர். பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை” என்றார். கணவருக்கு அது அப்போதுதான் தெரியும். மருந்து ஒரு துளிகூட உள்ளே போவதற்கு முன் நடந்த இந்தக் கால் மணி நேரத்தைச் சிகிச்சையின் முதல் பகுதியாகவே எண்ணுகிறேன்.

பிறகு எங்கள் மிஸ்ஸி (தாதி) பிளாஸ்டிக் மாதிரியை எடுத்துவந்து வைத்தார். “அண்ணே, முதலில் நான் செய்வதைப் பாருங்கள். அக்கா, நீங்களும் இந்தப் பக்கம் வாருங்கள்.”

கணவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் ஸ்டியரிங்கும் சங்கிலியும் பிடித்துக் காய்த்த கைகள். இரண்டு விரலுக்கு இடையில் அந்த மெல்லிய சிரிஞ்சு நிற்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கொண்டுவரவில்லை. அளவுக் கோடுகள் தெரியவில்லை. குனிந்தால் தொப்பை மறைத்தது. மிஸ்ஸி கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்துக் கொடுத்தார். கண்ணாடியில் இடமும் வலமும் மாறித் தெரியவே, இன்னும் குழம்பினார். மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கையை நீட்டினார். “கொடுங்கள் இங்கே. மாமியாருக்குப் பத்து வருடம் இன்சுலின் போட்டவள் நான். இதற்கா பயப்படப் போகிறேன்?”

இன்சுலின் போட்ட பழக்கம் அவருக்கு மிகவும் உதவியது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதை மிஸ்ஸி முதலிலேயே பிரித்துக் காட்டினார். இன்சுலினுக்குத் தோலைக் கிள்ளிப் பிடித்துக் கொழுப்பில் போடுகிறோம். இங்கே தோலைக் கிள்ளக் கூடாது. உறுப்பின் முனையைப் பிடித்துத் தொடையை நோக்கி இழுத்து நிறுத்த வேண்டும். உடம்போடு சேர்ந்திருக்கும் அடிப்பகுதியில், மேலிருந்து பார்த்தால் கடிகாரத்தின் 10 மணிக்கும் 2 மணிக்கும் உரிய இடங்கள்தான் போடத் தகுந்தவை. நேர் மேலே 12 மணியில் நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. கீழே 6 மணியில் சிறுநீர்ப் பாதை. கண்ணுக்குத் தெரியும் சிரைகளை விட்டு விலக வேண்டும். ஊசியைச் செங்குத்தாக முழுநீளமும் செலுத்தினால் உறையைத் தாண்டும்போது ஒரு சிறு தடை தெரிந்து விலகும். மருந்து சுலபமாக உள்ளே போனால் இடம் சரி. அழுத்தினாலும் போகவில்லை, அல்லது தோலுக்கடியில் கொப்புளம் போல எழும்புகிறது என்றால் இடம் தப்பு. எடுத்ததும் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். இவர் ஆஸ்பிரின் சாப்பிடுவதால் பத்து நிமிடம் என்று வைத்தோம். அடுத்த முறை அடுத்த பக்கம்.

அளவைக் கிளினிக்கிலேயே, ஒவ்வொன்றையும் வெவ்வேறு நாளில் பார்த்தோம். 2.5 மைக்ரோகிராமில் லேசான நிரப்பு. 5இல் பாதி. 10இல் பன்னிரண்டு நிமிடத்தில் முழு விறைப்பு. நாற்பத்தைந்து நிமிடத்தில் தானாக அடங்கியது. அடங்கும்வரை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காத மிகக் குறைந்த அளவே சரியான அளவு. இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்ப்போமே என்ற ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஊசி குத்திய வலி அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் உறுப்பினுள் ஒரு கனத்த வலி சில நிமிடம் இருந்தது. அல்புரோஸ்டாடில் போடுபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எப்போதாவது அது வருகிறது; பழகப் பழகக் குறையும்.

வாரத்துக்கு மூன்று முறைக்கு மேல் கூடாது. இரண்டு ஊசிகளுக்கு இடையில் 24 மணி நேரமாவது வேண்டும். ஒரு நாள் பலிக்காவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், இரண்டாவது ஊசி கிடையாது. கரைத்த மருந்தில் மிச்சம் வைக்கக் கூடாது. லோரிக்குள் மருந்தை வைக்கவே கூடாது. வெயிலில் நிற்கும் லோரியின் முன்பகுதி என்ன சூடு ஏறும் என்று அவருக்கே தெரியும். விறைப்பு நான்கு மணி நேரம் அடங்காமல் இருந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவு. வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல்.

இதோடு ஓர் அட்டையும் கொடுத்தோம். மலாயில் எழுதியது: போட்ட மருந்தின் பெயர், அளவு, இதய நோயாளி என்ற குறிப்பு, நான்கு மணி நேரம் தாண்டியிருந்தால் உடனே சிறுநீரக மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற வரி, என் கையெழுத்து. நள்ளிரவில், பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஓர் இளம்பெண்ணிடம் இதை வாயால் சொல்ல நம் ஆண்களில் எத்தனை பேரால் முடியும்? அட்டை என்றால் நீட்டினால் போதும். அதை அவரிடம் கொடுக்காமல் மனைவியிடம் கொடுத்தேன்.

அந்த இரவு

நான்கு மாதம் எல்லாம் ஒழுங்காகப் போனது. வாரம் ஒரு முறை, சில வாரம் அதுவும் இல்லை. அவர் பாதி நாள் சாலையில் இருப்பவர்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி கோயிலுக்குப் போய்த் திரும்பத் தாமதமாகிவிட்டது. இந்த முறை தாமே போட்டுக்கொள்வோம் என்று கணவர் நினைத்திருக்கிறார். கண்ணாடி போடவில்லை. முதல் ஊசி தோலடியில் எழும்பி நின்றது. அரை மணி நேரம் பார்த்தும் பலனில்லை. வீட்டில் இன்னொன்று இருந்தது. அதை மறுபக்கம் போட்டுவிட்டார். அது சரியான இடத்தில் இறங்கியது. முதல் ஊசியின் மருந்தில் ஒரு பகுதியும் உள்ளே போயிருக்க வேண்டும். அப்போது இரவு பத்தரை மணி. இரண்டு போட்டதை மனைவியிடம் சொல்லவில்லை.

உறவுக்குப் பின்னும் அடங்கவில்லை. மனைவி உறங்கிவிட்டார். இவர் குளியலறையில் ஐஸ் வைத்துப் பார்த்திருக்கிறார், மாடிப் படியில் ஏறி இறங்கியிருக்கிறார். இரண்டு மணிக்கு வலி தொடங்கியது. காலையில் லோரி எடுக்க வேண்டும், அதற்குள் சரியாகிவிடும் என்று உட்கார்ந்திருந்தார். மூன்றரை மணிக்கு மனைவி விழித்துப் பார்த்தபோது கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார்.

“என்னங்க, எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?”

விரல்விட்டு எண்ணினார், ஐந்து மணி நேரம். சேலைகளுக்கு நடுவில் வைத்திருந்த அட்டையை எடுத்துக்கொண்டு மகனை எழுப்பி வண்டி எடுக்கச் சொன்னார். மகனிடம் “அப்பாவுக்கு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். முகப்பில் அட்டையை நீட்டினார். கேள்வி எதுவும் கேட்காமல் உள்ளே அழைத்துப் போனார்கள்.

உறுப்பிலிருந்து ஊசி மூலம் இரத்தத்தை எடுத்தபோது அது கறுத்திருந்தது. பரிசோதனையில் ஆக்சிஜன் மிகக் குறைவு, அமிலத்தன்மை அதிகம். உள்ளே நின்ற இரத்தம் சுற்றோட்டம் இல்லாமல் கெட்டுக்கொண்டிருந்ததற்கு அதுவே அடையாளம். தேங்கியதை வெளியேற்றிவிட்டு, இரத்தக் குழாய்களைச் சுருக்கும் ஃபெனைலெஃப்ரின் மருந்தை நீர்த்துச் சிறு அளவில், ஐந்து நிமிட இடைவெளியில் செலுத்தினார்கள். அது இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடியது. இதய நோயாளி என்று அட்டையில் இருந்ததால் தொடக்கத்திலிருந்தே இசிஜியும் அழுத்தமானியும் மாட்டிவைத்துக்கொண்டுதான் செய்தார்கள். இரண்டாவது முறைக்குப் பிறகு அடங்கியது. மணி ஐந்துகூட ஆகவில்லை.

இதன் அவசரத்தை அழுத்திச் சொல்கிறேன். இப்படித் தேங்கி நிற்கும் விறைப்பில் ஏறக்குறைய 12 மணி நேரத்தில் திசு வீங்கத் தொடங்குகிறது. 48 மணி நேரத்தில் தசை செத்து, அந்த இடத்தில் தழும்பு கட்டுகிறது. அதன் பிறகு எந்த ஊசிக்கும் அந்தத் தண்டு பதில் சொல்லாது. விடிந்ததும் லோரி ஏறிக் கிள்ளானுக்குப் போயிருந்தால் இவர் அந்த நிலைக்குத்தான் போயிருப்பார். போகவிருந்தேன் என்று அவரே சொன்னார்.

அதன் பிறகு

ஒரு மாதம் ஊசியை நிறுத்தினோம். உறுப்பைத் தடவிப் பார்த்ததில் கட்டியோ கடினமோ இல்லை. 10 மைக்ரோகிராமைவிடக் குறைத்து, 7.5இல் மறுபடி கிளினிக்கிலேயே தொடங்கினோம்; அதுவே போதுமானதாக இருந்தது. இப்போது வீட்டில் ஒரு முறைக்குரிய மருந்து மட்டுமே இருக்கும். போடுவது மனைவி. இது அவர்கள் இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு.

துணையை இந்தச் சிகிச்சையில் சேர்ப்பதை எல்லாரும் ஏற்பதில்லை என்பது எனக்குத் தெரியும். சில ஆண்களுக்கு அது தன்மானப் பிரச்சினை. சில மனைவியருக்கு ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும். அவர்களைக் கட்டாயப்படுத்துவது கொடுமை. துணையை இழந்து புது உறவைத் தொடங்குபவர்களும் வருகிறார்கள். புதியவரிடம் இதைச் சொல்லத் தயக்கம் இருக்கத்தான் செய்யும். அவர்களுக்கு நான் கேட்பது ஒன்று மட்டும்: நான்கு மணி நேரக் கணக்கு உங்களைத் தவிர இன்னொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அண்ணனாக இருக்கலாம், நண்பராக இருக்கலாம். அந்த ஒருவரின் பெயர் கோப்பில் எழுதப்படாமல் நாங்கள் முதல் ஊசியைப் போடுவதில்லை.

எட்டாவது மாதத்தில் விறைப்பு மதிப்பீடு 25க்கு 20. எச்பிஏ1சி 7.7க்கு இறங்கியிருக்கிறது. மனைவி சொல்லிச் சொல்லி, சாலையோரக் கடைகளில் சீனி போட்ட தே தாரிக்கை விட்டிருக்கிறார். தலையணை கூடத்திலிருந்து அறைக்குத் திரும்பிவிட்டது. நைட்ரேட் தொடர்கிறது, கோப்பிப் பொட்டலம் இல்லை. அதைக் கொடுத்த நண்பரையும் ஒரு நாள் அழைத்துவந்தார்; அவருக்கும் இனிப்புநீர், அவருக்கும் அதே குறை. அவருடைய இதயப் பரிசோதனைக்கு நாள் வாங்கியிருக்கிறோம்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறுப்பைத் தடவிப் பார்த்து, தழும்போ வளைவோ உருவாகிறதா என்று கவனிக்க வேண்டும். உருவானால் ஊசியை நிறுத்திவிட்டு, செயற்கைத் தண்டு பற்றி மறுபடி பேசுவோம். சர்க்கரை இறங்கியிருப்பதால் இனி அதற்கும் வழி இருக்கிறது.

கடைசியாக வந்தபோது, கணவர் மருந்து வாங்க வெளியே போன இடைவெளியில், மனைவி மிஸ்ஸியிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்: “எனக்கு வலிக்கிறது. இந்த வயதில் அப்படித்தானா?” மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள், உறவு இல்லாமல் நான்கு ஆண்டுகள். வறட்சியும் எரிச்சலும் இருப்பதில் வியப்பில்லை. அதற்கு நல்ல மருந்தும் உண்டு. இத்தனை மாதமும் கணவருக்காக வந்து உட்கார்ந்தவர் அதைச் சொல்லவில்லை. அவர் பெயரில் தனிக் கோப்பு ஒன்றைத் திறந்திருக்கிறோம். உயவுக் களிம்பு கொடுத்திருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் களிம்பு வேண்டுமா என்பதை அடுத்த வாரம் எங்கள் பெண் மருத்துவர் பார்த்துச் சொல்வார்.